ஐந்து நட்டுகளில் மஞ்சள் புள்ளி

1

இடது சக்கரத்தின் ஐந்து நட்டுகளிலும் இருந்த மஞ்சள் புள்ளிகளை வைத்தது யார்? ஆரோக்கியம் அண்ணாவா, நானா?

ஏழு வருஷமாக இதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தை பிறந்த பிறகு கொஞ்ச நாள் மறந்துகூட இருந்தேன். போன சனிக்கிழமை, ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஒரு புதுப் படகு டிரெய்லரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் வடக்கு ஓரத்தில். வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கணவர் ரவி குரோம்பேட்டைக்காரர். மகள் நித்யாவுக்கு ஐந்து வயது நடக்கிறது. நம் பக்கம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்பதுபோல இங்கே படகு நிற்கும். அக்டோபரில் குளிர் விட்டதும் எல்லோரும் படகின் மேல் போட்ட தார்ப்பாயை உருவி எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். ரவி ஜன்னல் வழியாக இதையே பார்த்துக்கொண்டிருப்பார். “ஆறு வருஷமா கரையிலேயே நின்னு வேடிக்கை பார்க்கறோம்” என்று போன மாதம் ஒரு நாள் சொன்னார். அடுத்த வாரமே அவருடைய ஆபீஸ் நண்பரின் பழைய அலுமினியப் படகு எங்களுடையதாகிவிட்டது. அதன் டிரெய்லர் மட்டும் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு புது டிரெய்லர். செய்து தரும் பட்டறை நகரத்துக்குத் தெற்கே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல்.

இந்த ஊரில் டிரெய்லருக்கும் தனி நம்பர் பலகை உண்டு. அதற்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். கவுண்டரில் இருந்த பெண் என் கையெழுத்தைப் பார்த்து, இது கையெழுத்தா, ஏதாவது படமா என்று மரியாதையாகக் கேட்டாள். நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். இருவரும் பாஸ்போர்ட்டையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இதே கையெழுத்துதான் திருமுடிவாக்கத்தில் அப்பாவின் பட்டறை டெலிவரி நோட்டிலும் இருக்கிறது, ‘வீல் நட்டு – சரி’ என்ற வரிக்கு நேரே.

2

பட்டறைக்காரர் பெயர் க்ரேக். ஐம்பது வயதிருக்கும், அரைக்கால் சட்டை, பெரிய பூட்ஸ். ஒரு அட்டையில் செருகிய தாளை ரவியிடம் நீட்டினார். பதினைந்து கட்டங்கள். விளக்கு, வயர், டயர் காற்று, கொக்கி, சங்கிலி, சக்கரம். எல்லாவற்றுக்கும் கீழே, ‘நான் நேரில் பரிசோதித்தேன்’ என்று ஒரு வரி, கையெழுத்துப் போட இடம். ரவி பேனாவை எடுத்துவிட்டார்.

நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றேன். ரவிக்கு லேசாகக் கோபம்.

“புது வண்டிடீ. இவங்க பார்க்காமலா குடுப்பாங்க?”

“அவங்க பார்த்திருப்பாங்க. ‘நான் பார்த்தேன்’னு இதுல எழுதியிருக்கே.”

விளக்குகளைப் போடச் சொல்லிப் பார்த்தேன். சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். ஸ்டெப்னி எங்கே என்று க்ரேக்கிடம் கேட்டேன். அவர் அலுவலக அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இங்கே அந்தப் பெயரில் யாரும் வேலை செய்யவில்லையே என்றார். கைவிரலால் சக்கரம்போல வட்டம் போட்டுக் காட்டினேன். உதிரிச் சக்கரம் என்று புரிந்ததும் சிரித்தார். ரவியும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

பிறகு சக்கரத்தின் அருகே உட்கார்ந்தேன். ஐந்து நட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. நட்டின் தலையில் தொடங்கி சக்கரத்தின் தகட்டில் முடிகிற நேர்கோடு. இது என்ன என்று கேட்டேன். முடுக்கியதற்கு அடையாளம் என்றார். ஏன் கோடு, புள்ளி வைத்தால் போதாதா என்று கேட்டுவிட்டேன்.

அவர் நட்டின் தலையில் விரலை வைத்துத் திருப்புவதுபோலக் காட்டினார். நட்டு சுழன்றால் கோடு உடைந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும் என்றார். புள்ளி சுழன்றாலும் புள்ளிதானே என்றார்.

ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, பத்து நட்டுகளையும் நானே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. நித்யா காரில் இருந்தபடியே, அம்மா ஏன் ரிப்பேர்காரர் மாதிரி செய்கிறாள் என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் இப்போது எங்களிடமும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

கைப்பையில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோயிருந்தேன். கொக்கியின் மேல் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு வைக்காதே, எல்லாரும் பார்ப்பார்கள் என்றாள் நித்யா. பார்க்கட்டும் என்றார் ரவி. சக்கரத்துக்கும் வை, அதுதானே ஓடப்போகிறது என்று என்னிடம் சொன்னார்.

நான் வைக்கவில்லை. ஏழு வருஷமாக எந்தச் சக்கரத்துக்கும் நான் சந்தனம் வைத்ததில்லை. எங்கள் காருக்கும் முன்பக்கக் கண்ணாடியில்தான். அது ஏதோ என் வீட்டு வழக்கம் என்று மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

3

அப்பா முடிச்சூரில் இருந்த நிலத்தில் பாதியை விற்று, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஷெட் போட்டார். டிராக்டருக்கு டிரெய்லர் செய்து கொடுப்பதுதான் தொழில். வீடு மேற்குத் தாம்பரத்தில். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை டெலிவரி நோட்டு எழுதக் கூட்டிப்போனார். ஒரு வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நோட்டில் ‘சரி’ போட்டுக் கையெழுத்திட வேண்டும். “படிச்ச பொண்ணு பார்த்து எழுதினா ஒரு வரி விட்டுப்போகாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆரோக்கியம் அண்ணாதான் ஃபிட்டர். பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு நட்டை முடுக்கியதும் பிரஷ்ஷால் மஞ்சள் பெயிண்ட் தொட்டு அதன்மேல் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் முடுக்கியாயிற்று என்று அர்த்தம். புள்ளி இல்லாத நட்டை நான் கூப்பிட்டுக் காட்டுவேன். “கழுகுக் கண்ணு பாப்பாவுக்கு” என்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைக்குத் தன் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் துடைத்துப் பூஜைத் தட்டில் தானே கொண்டுவந்து வைப்பார். “அதுவும் நாலு பேரோட இருக்கட்டும்” என்பார்.

அந்த வருஷம் எங்கள் ஷெட்டுக்கு முதன்முதலாகப் படகு டிரெய்லருக்கு ஆர்டர் வந்தது. முட்டுக்காடு பக்கம் வீடு கட்டியிருந்த ஒருவர் ஃபைபர் படகு வாங்கியிருந்தார். விஜயதசமி அன்று காலையில் டிரெய்லரை எடுத்துப்போக வேண்டும், ராகு காலத்துக்கு முன் கேட்டைத் தாண்டியாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். நீலப் பெயிண்ட் அடித்து, முதல் நாள் மத்தியானம்தான் சக்கரத்தை மாட்டினார்கள். அதே நாள் ஆயுத பூஜை.

சந்தனம் வைக்கிற வேலை எனக்கு. லேத், டிரில்லிங் மெஷின், வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர், டெலிபோன், டெலிவரி நோட்டு, எல்லாவற்றுக்கும் வைத்தேன். பாதியில் குங்குமம் தீர்ந்துவிட்டது. டிரெய்லருக்கு வெறும் சந்தனம்தான். சட்டத்துக்கு வைத்தேன், கொக்கிக்கு வைத்தேன். சக்கரத்துக்கும் வைத்தேன். நடு மூடியில் வைத்தேனா, ஒவ்வொரு நட்டிலும் வைத்தேனா? ஒரு பக்கச் சக்கரத்தில் வைத்தேனா, இரண்டிலுமா? பொரி கொடுக்கக் கூப்பிட்டார்கள். கை துடைத்துக்கொண்டு ஓடினேன். அது ஞாபகம் இருக்கிறது. மற்றது இல்லை.

மறுநாள் காலை டிரெய்லரை எடுக்க ஏழுமலை அண்ணா ஜீப்போடு வந்தார். படகுக்காரரின் டிரைவர், கோவளத்துக்காரர். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நோட்டோடு சுற்றி வந்தேன். இடது சக்கரத்தில் ஐந்து மஞ்சள் புள்ளிகள். ‘சரி’ போட்டேன். கையால் தொடவில்லை. ஏழுமலை அண்ணா கொக்கியில் இருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னா பாப்பா, பொட்டெல்லாம் ஜோராகீது. நட்டெல்லாம் பார்த்துக்கினியா?”

“எல்லாம் பார்த்தாச்சு அண்ணா.”

“நீ பார்த்தா கவர்மெண்ட் பார்த்த மாதிரி” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

4

பல்லாவரம், தாம்பரம், மேடவாக்கம் வரைக்கும் ஒன்றும் இல்லை. பெரும்பாக்கம் ஏரிக்கரையில் இடது சக்கரம் கழன்றது. டிரெய்லர் சாய்ந்து ஜீப்பை இழுத்துக்கொண்டு கரைச் சரிவில் இறங்கியது. ஏழுமலை அண்ணாவுக்கு வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

மத்தியானம் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “நான் ஓட்டிக்கினு போறேன், ஒரு சக்கரம் என்னியே ஓவர்டேக் பண்ணிக்கினு போவுது. யார்ராது, இம்மாம் அவசரமா போறான்னு பார்த்தா, நம்மளுது.” எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “நீ ஏம்மா அழுவுற, கையிதான போச்சு, வந்துடும்” என்றார். அந்தக் கையால் அவர் ஐந்து மாதம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

சக்கரம் ஏரிச் சேற்றில் கிடைத்தது. நட்டுகள் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஷெட்டில் அப்பா கேட்டார். ஆரோக்கியம் அண்ணா, இரண்டு பக்கமும் முடுக்கினேன் சார் என்று ஒரே வார்த்தையாகச் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

“புள்ளி இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சுப்பா. அஞ்சுலயும் இருந்துச்சு.”

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் என் பதிலால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நட்டு கழன்றிருக்கிறது, புள்ளியும் இருந்திருக்கிறது. அப்படியானால் முடுக்காமலே புள்ளி வைத்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. மறதி என்றால் அப்பா மன்னித்திருப்பார். இது ஏமாற்று வேலை. முதல் நாள் நானும் சக்கரத்தில் சந்தனம் வைத்தேன், காய்ந்த சந்தனமும் மஞ்சளாகத்தான் இருக்கும், நான் பார்த்தது எதுவென்று எனக்கே தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த வாரம்தான் ரவி வீட்டில் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இந்த நேரத்தில் ஷெட் விஷயத்தில் என் பேர் அடிபடக் கூடாது என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆரோக்கியம் அண்ணா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார். பிறகு பூஜை அலமாரியிலிருந்து தன் ஸ்பேனரை எடுத்துச் சட்டையிலேயே துடைத்தார். “இது என்னுது சார், எடுத்துக்கினு போறேன்” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

5

பட்டறையிலிருந்து கிளம்பும்போது க்ரேக் ஜன்னல் அருகே வந்தார். ஐம்பது கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி நட்டுகளை ஒரு முறை முடுக்கிவிடுங்கள் என்றார். இப்போதுதானே பார்த்தோம் என்றேன். புது வண்டியில் பெயிண்ட் நசுங்கி உட்காரும், அதனால் நட்டு கொஞ்சம் தளரும், எவ்வளவு முடுக்கினாலும் முதல் ஓட்டத்தில் அப்படித்தான் என்றார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

நெடுஞ்சாலையில் ரவி எழுபதில் ஓட்டினார். எல்லா வண்டிகளும் எங்களை முந்திப்போயின. நான் பக்கக் கண்ணாடியில் இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓடுகிற சக்கரத்தில் கோடு தெரியாது என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன். பின்சீட்டில் நித்யா. அவளுடைய பெல்ட்டைத் திரும்பி இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது முறை அவள் என் கையைத் தட்டிவிட்டாள். ஒரு பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன். ரவி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு சொன்னார், “பயந்தா நீ வரவே வேண்டாம்னு சொன்னேன்ல?”

நிறுத்துங்கள் என்றேன். ஐம்பது ஆகவில்லை, நாற்பத்திரண்டுதான் என்றார். நிறுத்துங்கள் என்றேன்.

ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். வலது சக்கரத்தில் ஐந்து கோடுகளும் நேராக இருந்தன. இடது சக்கரத்தில் நான்கு நேராக இருந்தன. ஐந்தாவது உடைந்திருந்தது. நட்டின் மேல் இருந்த பாதியும் தகட்டில் இருந்த பாதியும் சேரவில்லை. நடுவில் ஒரு நெல் அளவு இடைவெளி.

காரில் இருந்த ஸ்பேனரைப் போட்டேன். கால் சுற்று வந்தது. மற்ற நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தன.

பட்டறையில் நான் ஸ்பேனரால் பிடித்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட நட்டு அது.

ரவி பக்கத்தில் வந்து நின்றார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து நித்யா காரிலிருந்து இறங்கி வந்தாள். “அம்மா, வீல் விழுந்துடுமா?” என்று கேட்டாள், தமிழில். பயம் வந்தால் அவளுக்கு இன்னும் தமிழ்தான் வருகிறது. விழாது, நிறுத்திப் பார்த்துட்டோம்ல என்றேன்.

6

மறுநாள் ஆயுத பூஜை. தாம்பரத்துக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். ஷெட்டில் பூஜை முடிந்து இப்போதுதான் வந்தேன் என்றார். நித்யாவைக் கேட்டார். படகைக் கேட்டுச் சிரித்தார். நான் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“புது வண்டியில முடுக்கின நட்டு தானா தளருமாப்பா?”

“தளரும். பெயிண்ட் உட்காரும்ல. இருபது முப்பது கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை நிறுத்தி முடுக்கணும். டிராக்டர்காரன் எல்லாருக்கும் தெரியும்மா, நாம சொல்லவே தேவையில்ல.”

“ஏழுமலை அண்ணா டிராக்டர்காரர் இல்லியேப்பா. அவர்கிட்ட சொன்னீங்களா?”

அந்தப் பக்கம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. திருமுடிவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் ஏரியும் ஏறக்குறைய அதே இருபது முப்பது கிலோமீட்டர்தான் என்பதை அவரும் கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அல்லது அவர் எப்போதோ போட்ட கணக்குதானோ என்னவோ.

“இப்ப எதுக்கும்மா அது?” என்றார். பிறகு அவராகவே, “அவனை நான் போகச் சொல்லல. அவனாதான் வரல” என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. நான் ஆரோக்கியம் அண்ணாவின் பெயரையே எடுக்கவில்லை.

ஆரோக்கியம் அண்ணா இப்போது மேடவாக்கம் பக்கம் ஒரு கிரில் கேட் கடையில் வெல்டிங் செய்கிறார் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். பொழிச்சலூர் வீட்டு விலாசம் என் பழைய டைரியில் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். ‘புள்ளி உங்களுடையதாகவே இருக்கலாம், நீங்கள் முடுக்கியிருக்கலாம், இருந்தும் கழன்றிருக்கலாம்’ என்று ஒரு வரி. ‘அல்லது புள்ளி என்னுடையதாக இருக்கலாம்’ என்று அடுத்த வரி. எந்த வரியை எடுத்தாலும் அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதை நான் சொல்வேன் என்றுதான் அன்று சாயங்காலம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் எழுத முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதினால், வழியில் நிறுத்தி முடுக்கு என்று ஏழுமலை அண்ணாவிடம் தான் சொல்லாமல் விட்டதை அப்பாவும் எழுபது வயதில் ஊரறியக் கேட்க வேண்டியிருக்கும். ரவியிடம்கூட முந்தாநாள்தான் எல்லாவற்றையும் சொன்னேன். “உனக்கு சரின்னு பட்டதைச் செய்” என்றார். எனக்கு எது சரியென்று படுகிறது என்பதுதானே எனக்குத் தெரியவில்லை.

அதனால் உங்களைக் கேட்கிறேன். தாம்பரம், பல்லாவரம் பக்கம் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். ஏழு வருஷம் கழித்து இப்படி ஒரு கடிதம் வந்தால் அந்த மனிதருக்கு அது ஆறுதலாக இருக்குமா, அல்லது ஆறிப்போனதைக் கிளறுவதாக இருக்குமா? அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுதுவதா, எழுதிவிட்டுச் சொல்வதா? அல்லது அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது அந்தக் கிரில் கடை வாசலில் போய் நின்று நேரிலேயே சொல்லிவிடவா? அப்படிப் போனால், அவர் இன்னும் அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை வைத்திருக்கிறாரா என்று கேட்கலாமா, கூடாதா? அதையும் எழுதுங்கள்.